கழுகுக் குன்றில் ஒரு ஞாயிறு

அங்கிக்குள் அனல் – பகுதி 5

போன வாரம் காட்டெஸ்லோ விடுதியில் நின்றிருந்தோம். தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் உலகத் திருச்சபைகள் மன்றம் ஒரு கூட்டத்தைக் கூட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் எட்டுச் சபைகளின் எண்பது பிரதிநிதிகள் ஜோஹன்னஸ்பர்க்கில் அந்த விடுதியில் ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார்கள்.

பேசி முடித்து அவர்கள் எழுதியது அதிகமில்லை. கலப்பு மணத்தைத் தடுக்க வேதாகமத்தில் ஆதாரம் கிடையாது. நிறத்தைக் காட்டி ஒரு விசுவாசியை ஆலய வாசலில் நிறுத்தக் கூடாது. குடியிருக்கும் இடத்தில் நிலம் வாங்கவும், ஆட்சியில் பங்குபெறவும் மனிதனுக்கு உரிமை உண்டு.

இன்று படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அன்று பிரதமர் ஃபெர்வூர்ட் தம் புத்தாண்டுச் செய்தியிலேயே இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காட்டெஸ்லோவில் பேசியவர்கள் தனிமனிதர்கள், சபைகள் இனிமேல்தான் வாய் திறக்க வேண்டும் என்றார் அவர். மிரட்டல் ஏதுமில்லை. தேவையும் இருக்கவில்லை.

1961 ஏப்ரலில் டிரான்ஸ்வால் மாகாணத்துச் சபைப் பேரவை, சினட், கூடியது. டச்சு சீர்திருத்தச் சபையின் போதகர்களும் மூப்பர்களும் காட்டெஸ்லோ தீர்மானங்களைத் தூக்கியெறிந்தார்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்திலிருந்தும் வெளியேறினார்கள். நான்கு மாதங்களுக்கு முன் அந்தத் தீர்மானங்களுக்கு ஆதரவாக வாக்களித்த பலர் பின்வாங்கினார்கள்.

ஒருவர் மட்டும் நான் வாக்களித்தது வாக்களித்ததுதான் என்று நின்றார்.

அவரைப் போன வாரம் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் பார்த்தோம். இந்த வாரம் கொஞ்சம் அருகில் போவோம்.

* * *

பெயரில் ஒரு படைத்தளபதி

முழுப் பெயர் கிறிஸ்டியான் ஃபிரெடரிக் பேயர்ஸ் நோடே. 1915 மே 10 அன்று பிறந்தார். முதல் மூன்று பெயர்களும் இரவல். டச்சு வழி வந்த போயர் வெள்ளையரின் தளபதி கிறிஸ்டியான் பேயர்ஸ், முதல் உலகப் போரில் பிரிட்டன் பக்கம் நிற்க மறுத்துக் கலகம் செய்து, 1914 டிசம்பரில் வால் ஆற்றில் மூழ்கி இறந்தவர். அவர் போய் ஐந்து மாதம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை அப்படியே வைத்தார் தகப்பனார்.

தகப்பனார் யோசுவா நோடே, பிரிட்டனை எதிர்த்த போயர் போரில் அந்தத் தளபதியோடு களத்தில் இருந்தவர், ஒரு போதகர். அந்தப் போரில் பிரிட்டன் அமைத்த முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் மடிந்தார்கள். அதே போரில் கறுப்பர்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கேயும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களை ஆஃப்ரிகானர்களின், அதாவது போயர் வழிவந்தவர்களின், வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இந்த மறதியில்தான் பின்னாளைய கதை முழுக்க முளைத்தது என்பது என் எண்ணம். அடிபட்ட வலியைக் குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த சமூகம், பக்கத்து முகாமின் வலியை விட்டுவிட்டுச் சொன்னது.

1918இல் சில ஆஃப்ரிகானர் இளைஞர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ப்ரூடர்பாண்ட். சகோதரர் சங்கம் என்று பொருள். ஆஃப்ரிகான்ஸ் மொழிக்கும் இனத்துக்கும் பாடுபடுவது நோக்கம். சில ஆண்டுகளில் அது இரகசியச் சங்கமாயிற்று. வெள்ளையர், ஆஃப்ரிகான்ஸ் பேசுபவர், புரொட்டஸ்டன்ட், ஆண். இந்த நான்கும் இருந்தால்தான் அழைப்பு வரும். அழைத்தாலொழியச் சேர முடியாது. சேர்ந்தால் மனைவியிடம்கூட அங்கே நடப்பதைச் சொல்லக் கூடாது.

அதை நிறுவியவர்களில் ஒருவர் யோசுவா நோடே.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அன்று தொடங்கி 1994 வரை அந்த நாட்டை ஆண்ட அத்தனை தலைவர்களும் ப்ரூடர்பாண்ட் உறுப்பினர்கள். மாலன், ஸ்ட்ரைடம், ஃபெர்வூர்ட், ஃபோர்ஸ்டர், போத்தா, டி கிளெர்க். அரசு வானொலியின் தலைவரும் சங்கத்தின் தலைவரும் ஒரே ஆள், பீட் மேயர்.

மகன் பேயர்ஸ் நோடே 1940இல் சங்கத்தில் சேர்ந்தார். வயது 25. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சமூகவியல் வகுப்பெடுத்த பேராசிரியர் வேறு யாருமில்லை, ஃபெர்வூர்ட்தான்.

ஆக, தகப்பன் கட்டிய வீடு, வாத்தியார் ஆண்ட நாடு. இந்தப் பிள்ளை எங்கே, எப்படித் தடம் மாறியது?

* * *

"சிலருடைய பலவீனம்"

அதற்கு முன் டச்சு சீர்திருத்தச் சபையின் பழைய கணக்கு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்.

1829இல் கேப் பகுதியில் கூடிய சினட், கர்த்தருடைய பந்தியில் நிற பேதம் கூடாது, எல்லாரும் ஒன்றாகவே பெற வேண்டும் என்று முடிவு செய்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1857இல், அதே சபை இன்னொரு முடிவெடுத்தது. ஒன்றாக வழிபடுவதுதான் வேதாகம முறை. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனி ஆராதனை நடத்தலாம்.

பலவீனம் என்று அவர்கள் சொன்னது, கறுப்பர் பக்கத்தில் மண்டியிட முடியாத வெள்ளையரின் மனத்தை. சினட்டே அதைப் பலவீனம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதியது. பலவீனத்துக்குக் கொடுத்த சலுகை 1881இல் கலப்பினத்தவருக்கென்று ஒரு தனிச் சபையாயிற்று. பிறகு கறுப்பர்களுக்கு ஒன்று, இந்தியர்களுக்கு ஒன்று. நூறு வருடம் ஆவதற்குள் அந்தப் பலவீனத்துக்கு அபார்த்தைட் என்று பெயரும், வேதாகம ஆதாரமும், நாடாளுமன்றச் சட்டமும் கிடைத்துவிட்டன.

இந்தச் சபையின் பீடத்தில்தான் நோடே இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்று பிரசங்கித்தார். இனப்பிரிவினையை எதிர்த்து ஒரு சொல் வரவில்லை. பின்னாளில் அவரைத் தலையில் தூக்கிவைத்து எழுதியவர்கள் இந்த இருபது ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. கண் திறக்க அவருக்கு அவ்வளவு காலம் ஆயிற்று என்பதும் இந்தக் கதையின் பகுதி.

* * *

வந்து பாருங்கள்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் சில இளம் வெள்ளைப் போதகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். டச்சு சீர்திருத்தச் சபைதான் அவர்களைக் கறுப்பர் சபைகளிலும் கலப்பினத்தவர் சபைகளிலும் ஊழியம் செய்ய அனுப்பியிருந்தது. அவர்கள் சொன்ன கதைகளை நோடே நம்பவில்லை. மிகைப்படுத்துகிறீர்கள் என்பதுதான் முதல் எண்ணம்.

அவர்கள் வாதாடவில்லை. வந்து பாருங்கள் என்றார்கள்.

போனார்.

தங்கச் சுரங்கத்து ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் அடைந்துகிடந்த விடுதிகளைப் பார்த்தார். அடையாளப் புத்தகம் கையில் இல்லாததால் சொந்த நாட்டில் சிறைக்குப் போனவர்களின் வீடுகளைப் பார்த்தார். நிறம் இன்னதென்று அதிகாரி எழுதிய ஒரு சொல்லால் சிதறிப்போன குடும்பங்களைப் பார்த்தார். அவர் குடியிருந்த பகுதியிலிருந்து காரில் போனால் எட்டிவிடும் தூரம்தான். நாற்பது வயது தாண்டும்வரை அந்தத் தெருக்களுக்குள் அவர் இப்படி நடந்ததில்லை.

அந்த இடைவெளியில்தான் ஷார்ப்வில் வந்தது. அதன் பின் காட்டெஸ்லோ. கண்ணால் பார்த்த பிறகு கை தூக்கியவர் ஆகையால், சினட்டில் மற்றவர்கள் இறக்கியபோது அவரால் கையை இறக்க முடியவில்லை.

1962 மே மாதம் 'புரோ வெரிட்டாட்டே' என்று ஒரு இதழ் தொடங்கினார். சத்தியத்தின் பொருட்டு என்பது லத்தீன் தலைப்பின் பொருள். ஆஃப்ரிகான்ஸிலும் ஆங்கிலத்திலும் வந்த அந்தச் சிறு இதழ், பிரிவினைக்கு வேதாகமத்தில் இடமில்லை என்பதை மாதாமாதம் எழுதியது. சபைத் தலைவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் வேடிக்கை பாருங்கள், 1963இல் தெற்கு டிரான்ஸ்வால் சினட் தன் மாடரேட்டராக, அதாவது தலைவராக, தேர்ந்தெடுத்தது இவரைத்தான். மரியாதை இருந்தது. அப்பா பெயர் இருந்தது. பையன் சரியாகிவிடுவான் என்ற நம்பிக்கையும் இருந்திருக்க வேண்டும்.

* * *

ஒரு நண்பரும் சில தாள்களும்

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டும். அடுத்த வாரத்துக் கதையின் விதை இங்கே கிடக்கிறது.

சினட்டில் காட்டெஸ்லோ தோற்றது எப்படி? போதகர்கள் ஜெபித்து, யோசித்து எடுத்த முடிவா? நோடேக்குச் சந்தேகம். அவர் வீட்டுக்குச் சங்கத்திலிருந்து வரும் இரகசியச் சுற்றறிக்கைகளில் பதில் இருந்தது. காட்டெஸ்லோவை எப்படி முறியடிப்பது என்று ப்ரூடர்பாண்ட் திட்டமிட்டிருந்தது. சினட்டில் எழுந்து பேசிய போதகர்களில் சங்கத்துச் சகோதரர்கள் பலர். சபை எடுத்த முடிவு என்று ஊர் நம்பியது, சபைக்கு வெளியே கதவு சாத்திய அறையில் முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

இதை யாரிடம் கேட்பது? சகோதரர்களிடம் கேட்க முடியாது. வெளியாரிடம் சொல்லக் கூடாது, சத்தியம் செய்திருக்கிறார்.

ஆல்பர்ட் கெய்சர் என்றொரு நண்பர் இருந்தார். பிரிட்டோரியாவில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்தவர். பிரிவினையை வேதாகம அடிப்படையில் எதிர்த்ததற்காக, அவருடைய சபை அவர்மீது வேதப்புரட்டு வழக்கு நடத்திக் குற்றவாளி என்று தீர்த்திருந்தது. அடிபட்ட மனிதர். நோடே அந்தத் தாள்களை அவரிடம் கொடுத்தார். ஒரு இறையியலாளராகப் படித்துப் பார், ஒரு கிறிஸ்தவன் இந்தச் சங்கத்தில் இருக்கலாமா என்று சொல். கேட்டது இவ்வளவுதான்.

கெய்சர் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. புகைப்படம் எடுத்தார்.

1963 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ஜோஹன்னஸ்பர்க்கின் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையைப் பிரித்தவர்கள் அதில் ப்ரூடர்பாண்டின் இரகசிய ஆவணங்களைப் பார்த்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாக இருட்டில் இயங்கிய சங்கம் காலைக் காப்பியோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

சங்கம் பதறியது. யார் கொடுத்தது? எந்தச் சகோதரன்?

நோடே அந்த ஆண்டு சங்கத்திலிருந்து விலகினார். 22 ஆண்டு உறவு. விலகியதற்குக் காரணம் சொன்னார், தாள்களைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

* * *

அங்கியா, அலுவலகமா

1963 ஆகஸ்டில் கிறிஸ்தவ நிறுவனம் என்ற அமைப்பு ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தது. எல்லாச் சபையாரும், எல்லா நிறத்தவரும் உறுப்பினராகலாம். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் வேதாகமம் படிப்பார்கள் என்பதே அன்று துணிச்சலான ஏற்பாடு. இயக்குநராக நோடேயை அழைத்தார்கள்.

அவர் தம் சபையிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார். இந்தப் பொறுப்பை ஏற்றாலும் நான் போதகர் என்ற தகுதியோடு இருக்க அனுமதியுங்கள்.

சபை மறுத்தது. இயக்குநராகப் போ, அல்லது போதகராக இரு.

அவருக்கு வயது 48. மனைவி இல்ஸே, நான்கு பிள்ளைகள். போதகர் வேலை போனால் சபை கொடுத்த வீடும் போகும். இன்னும் ஆழமாக ஒன்று போகும்: ஆஃப்ரிகானர் உலகத்தில் போதகர் என்பவர் நம்மூர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கட்டியதுபோல. கல்யாணம், சாவு, பள்ளிக்கூடம், தேர்தல், எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. அங்கியைக் கழற்றிவிட்டால் அவர் அந்த ஊரில் ஆளே இல்லை.

காலமும் கெட்டிருந்தது. விசாரணையே இல்லாமல் 90 நாள் அடைத்துவைக்கும் சட்டம் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. ஜூலையில் ரிவோனியா பண்ணை வீட்டில் போலீஸ் புகுந்து வால்டர் சிசுலு முதலான கறுப்பர் விடுதலைப் போராட்டத் தலைவர்களைப் பிடித்திருந்தது. மண்டேலா ஏற்கெனவே சிறையில். நோபல் பரிசு வாங்கிய ஆல்பர்ட் லுதுலி, தம் ஊரைத் தாண்டக் கூடாது என்ற தடையில்.

அவர்கள் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் ஒரு வெள்ளைப் போதகரின் வீடும் சம்பளமும் சிறிதுதான். நோடேயும் அதை அறிந்தேயிருந்தார். ஆனாலும் அந்தச் சிறிய விலையைக் கொடுக்கக்கூட அவர் சபையில் பெரும்பாலோர் முன்வரவில்லை.

* * *

செப்டம்பர் 22

ஜோஹன்னஸ்பர்க்கின் வடமேற்கே நார்த்கிளிஃப் பகுதியில் நோடே போதகராக இருந்த சபை இருந்தது. பெயர் ஆஸ்ஃபூயல்காப். பிணந்தின்னிக் கழுகுகளின் குன்று என்று பொருள். நம் ஊரில் என்றால் திருக்கழுக்குன்றம் என்று மரியாதையாகச் சொல்லியிருப்போம். வசதியானவர்கள், அதிகாரிகள், செல்வாக்குள்ளவர்கள் வாழ்ந்த பகுதி. சகோதரர் சங்கத்தாரும் அந்தப் பெஞ்சுகளில் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஞாயிறு, அமெரிக்காவில், அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கறுப்பர் ஆலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்திருந்தார்கள். வேறு நாடு, வேறு சபை. நோய் மட்டும் ஒன்று.

நோடே பீடத்தில் ஏறினார். வசனம் அப்போஸ்தலர் நடபடிகள், ஐந்தாம் அதிகாரம், இருபத்தொன்பது. இயேசுவின் பெயரைச் சொல்லிப் போதிக்கக் கூடாது என்று தடுத்த ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு நிற்கிறார். உங்கள் கட்டளை ஒரு பக்கம், கடவுளின் கட்டளை ஒரு பக்கம் என்றால் எங்களுக்கு எது என்பதில் சந்தேகமில்லை என்கிறார்.

நன்றாகத் தேர்ந்த வசனம். பேதுருவை அதட்டியது ரோமானிய அரசல்ல, அவருடைய சொந்த மதத்தின் பெரியவர்கள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று உடனே புரிந்திருக்கும்.

ஃபெர்வூர்டைத் திட்டவில்லை. அரசாங்கத்தைப் பற்றி மேடைப் பேச்சு பேசவில்லை. தமக்கு முன் வந்து நிற்கும் தேர்வை மட்டும் விளக்கினார். இது சபை ஊழியமா, புதிய நிறுவனமா என்கிற கேள்வி என்று நினைக்காதீர்கள் என்றார். என் விசுவாசத்துக்குக் கீழ்ப்படிவதா, சபை அதிகாரத்துக்கு அடங்குவதா என்பதுதான் கேள்வி. அடங்கிப் போனால் என் முகம் பிழைக்கும், ஆன்மா பிழைக்காது. சொன்னதன் சாரம் இது.

பிறகு தம் சபையையே பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் ஒரு முறையீடு. காலம் கடந்துபோவதற்குள் விழித்துக்கொள் என்று. கோபத்தைவிட அதில் இருந்தது ஒரு மகனின் ஆற்றாமை. வெளியிலிருந்து இந்தச் சபையை ஏசியவர்கள் உண்டு. கேப் டவுனின் ஆங்கிலிக்கன் பேராயர் யூஸ்ட் டி பிளாங்க் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, டச்சு சீர்திருத்தச் சபையை உலக மன்றத்திலிருந்து நீக்கு என்று கேட்டார். ஆஃப்ரிகானர்கள் அதை, ஆங்கிலேயன் அப்படித்தான் பேசுவான் என்று ஒதுக்கித் தள்ள முடிந்தது. இந்தக் குரலை அப்படித் தள்ள முடியாது. இது தளபதி பேயர்ஸின் பெயரைச் சுமப்பவன் குரல், யோசுவா நோடேயின் வீட்டுக் குரல், தங்கள் ஆஃப்ரிகான்ஸில், தங்கள் பீடத்திலிருந்து.

முடிவை அறிவித்தார். இயக்குநர் பொறுப்பை ஏற்கிறேன். போதகர் பொறுப்பை விடுகிறேன்.

* * *

ஒரு வரி குறைவு

அந்தப் பிரசங்கத்தை ஆஃப்ரிகானர் சமய வரலாற்றின் பெரிய தருணம் என்பார்கள். மறுப்பில்லை. ஆனால் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம், அதில் இல்லாத ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

ஐந்து மாதத்துக்கு முன் நாட்டையே உலுக்கிய அந்தத் தாள்கள். பெஞ்சில் இருந்த சகோதரர்கள் அப்போதும் துரோகி யாரென்று தேடிக்கொண்டிருந்தார்கள். துரோகி என்று அவர்கள் தேடிய மனிதர் பீடத்தில் நின்று மனச்சாட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் விட்டதும் உண்மைதான்.

சொல்லியிருந்தால் கெய்சர் மாட்டுவார். ஏற்கெனவே அடிபட்ட நண்பர். சொல்லாவிட்டால், எந்தச் சங்கத்தின் இருட்டைக் குற்றம் சொல்கிறாரோ அந்த இருட்டில் ஒரு மூலையில் தாமும் நிற்கிறார்.

நவம்பர் 3, ஞாயிறு. ஆஸ்ஃபூயல்காப்பில் விடைபெறும் பிரசங்கம். இதற்கு இடைப்பட்ட ஆறு வாரத்தில், அக்டோபர் 9 அன்று, ரிவோனியா வழக்கு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. நாடு முழுக்க அதையே பேசியது. கழுகுக் குன்றிலிருந்து ஒரு போதகர் இறங்கிப் போனது பலருக்குச் செய்தியாகவே தெரியவில்லை.

தெரிந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நேற்றுவரை வீட்டுக்கு வந்துபோன நண்பர்கள் வருவதை நிறுத்தினார்கள். தெருவில் எதிரே வந்தால் அடுத்த ஓரத்துக்கு மாறினார்கள்.

நோடே புதிய அலுவலகத்தில் உட்கார்ந்தார். அதே நவம்பரில் தாள்களைத் தேடிய போலீசின் தடம் கெய்சரின் வாசல்வரை வந்து சேர்ந்தது. புகைப்படம் எடுத்தவர் அகப்பட்டுவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே கேள்விதான்: அவருக்கு அந்தத் தாள்கள் எந்தச் சகோதரன் கையிலிருந்து வந்தன?

நண்பர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கலாம். மறுக்கலாம். விலகிய சங்கத்துக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவனல்ல என்று ஒதுங்கலாம். ஒப்புக்கொண்டால், சத்தியத்தை மீறிய மனிதன் சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கித்தான் என்று நாடு முழுக்கப் பேசும். பிறந்து மூன்று மாதமே ஆன நிறுவனம் அந்தப் பேச்சில் மூழ்கியும் போகலாம்.

நோடே என்ன செய்தார்?

(அடுத்த வாரம்)